பிலின்னா கேட்ட கேள்வி

கடல் கொண்டுபோன பிள்ளையைக் கடலே திருப்பிக் கொடுக்கும் என்று நம்ப மற்றத் தீவுக்காரர்களுக்குக் காரணம் கிடையாது. செரிஃபோஸ் தீவில் எங்களுக்கு இருந்தது. பெட்டிக்குள் அடைத்துக் கடலில் தள்ளப்பட்ட டானயியையும் அவள் கைக்குழந்தை பெர்சியூஸையும் எங்கள் கரையில்தான் டிக்டிஸ் என்ற மீனவன் வலையில் இழுத்தான். தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தான். பின்னாளில் தலைமுடியெல்லாம் பாம்பாக இருந்த அரக்கியை வெட்டிய பெர்சியூஸ், எங்கள் மணலில் தவழ்ந்தவன்.

எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். எங்கள் ஊர்ப் பிலின்னா அதை நம்பி உயிர் வாழ்ந்தாள்.

அவள் மகன் தெல்லிஸுக்கு அப்போது ஆறு வயது. கரையில் கட்டியிருந்த சிறு படகில் ஏறி விளையாடினான். கயிறு அவிழ்ந்துவிட்டது. வடகாற்று வீசிய நாள். படகும் கிடைக்கவில்லை, பிள்ளையும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கு வெறும் கல்லைக் குவித்து, மூன்று முறை பெயர் சொல்லி அழைப்போம். அப்போதுதான் உயிர் அலையாமல் போய்ச் சேரும். அவள் கணவன் கிளைட்டோஸ் கல் சுமந்து வந்தான். அவள் காலால் எத்தித் தள்ளினாள்.

“உசுரோட இருக்கிறவனைச் செத்தவங்க பக்கம் கூப்பிடுவியா? பைத்தியமா உனக்கு?”

“இத்தனை நாள் ஆச்சே, பிலின்னா.”

“டானயி எத்தனை நாள் மிதந்தா? நீ பாத்தியா?”

அவன் கல்லைத் திரும்பச் சுமந்து போனான்.

அதன் பிறகு எந்தப் படகு வந்தாலும் இடுப்பளவு நீரில் இறங்கிப் போய் ஒரே கேள்வி கேட்பாள். “கடல்ல வந்த பிள்ளையை உங்க ஊர்ல யாராவது எடுத்து வளக்கிறாங்களா?” இல்லை என்பார்கள். உலர்ந்த அத்திப்பழம் கொடுத்து அனுப்புவாள். மற்றபடி வாற்கோதுமை அரைத்தாள், வலை தைத்தாள். கேலி பேசுவதில் அவளை யாரும் வெல்ல முடியாது. எங்கோ ஒரு கரையில் மகன் வளர்ந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். “இப்ப அவனுக்குக் குரல் உடையுற வயசு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். நம்பிக்கையை நற்குணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவளைப் பார்த்த நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன்.

ஒரு காலையில் சிஃப்னோஸ் தீவிலிருந்து ஹேகியாஸ் மீன் விற்க வந்தான். அவன் கூடையில் சிங்கிறால்கள் கிடந்தன. பெண்கள் கூச்சல் போட்டார்கள். சிங்கிறால் பெர்சியூஸின் விளையாட்டுத் தோழன். நாங்கள் அதைத் தின்பதில்லை. வலையில் உயிரோடு வந்தால் கடலில் விடுவோம், செத்து வந்தால் புதைத்து ஒப்பாரி வைப்போம்.

“இறாலுக்கு ஒப்பாரியா? துக்கம்னு முடியும் வெட்டிக்குவீங்களோ?” என்று ஹேகியாஸ் சிரித்தான்.

“உன் மூஞ்சிக்கு அழத்தான் ஆள் தேடணும். இறாலுக்கு நாங்க இருக்கோம்” என்றாள் பிலின்னா. கரையே சிரித்தது.

அவனும் சிரித்தான். பிறகு முகம் மாறியது. “நீ சொல்றது நெசந்தான் தங்கச்சி. ஒரு சின்னப் பிள்ளை பொணமா என் வலையில வந்துச்சு. அதுக்கே அழ ஆள் இல்ல. நானும் என் பொண்டாட்டியும்தான் பொதைச்சோம்.”

“எந்தப் பிள்ளை?”

“யாரு கண்டா. ஏதோ கப்பல்லேருந்து விழுந்ததுன்னு நெனச்சோம். அது நடந்து ஏழெட்டு வருசம் இருக்கும். இடது காது நுனி மட்டும் கிழிஞ்சு ஆறியிருந்துச்சு.”

“ஆடு கடிச்சது” என்றாள் பிலின்னா, பிறர் சொன்னதைத் திருத்துபவள் போல.

வலை தைத்துக்கொண்டிருந்த கிளைட்டோஸ் எழுந்து நின்றான்.

“போன வருசம் உன்னைக் கேட்டேனே, அண்ணே” என்றாள் பிலின்னா.

“கேட்ட தங்கச்சி. வளக்குற பிள்ளையத்தானே கேட்ட...”

உண்மைதான். அத்தனை வருடமும் அவள் கேட்டதற்கு எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். செத்த பிள்ளையைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவள் அவன் அருகில் போனாள். “எவ்வளவு உசரம் இருந்தான்?”

ஹேகியாஸ் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையைப் பிடித்துக் காட்டினான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது இன்னும் மேலே போகும் என்பது போல.

“கொஞ்சம்கூட வளரலையா?”

கையை எடுக்கலாமா என்று தெரியாமல் ஹேகியாஸ் அப்படியே நின்றான். கிளைட்டோஸ்தான் போய் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.