மடுல்சீமைக்குப் போன நண்டு

காலை ஆறரை மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். கையில் ஒரு குடையும், மை வாசம் போகாத என் முதற் புத்தகமும் இருந்தன. கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் பார்க்கும் எழுதுவினைஞர் வேலை எனக்குச் சோறு போடுகிறது. சிறுவர் கதை எழுதுவது என் சொந்த வியாதி. பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் என் கதாநாயகன் ஒரு நண்டு. அதன் வளையை அலை அழித்துவிட, அது வேறு வளை தேடி அலைகிறது. அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டச் சொல்லி, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர் ராமையா அழைத்திருந்தார்.

பசறை வரை பதினொரு மைல். அதற்கு மேல் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பக்கத்தில் இருந்தவர் பதுளையில் புடவைக்கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு வளைவிலும் என் மடிக்கு வந்து திரும்பிப் போனார்.

"எங்க போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. கதை வாசிக்க."

"அதுக்குச் சம்பளம் உண்டுங்களா?"

"இல்லை."

அடுத்த வளைவு வரை யோசித்தார். "வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றார்.

பத்து மணிக்கு மடுல்சீமை. அங்கிருந்து தோட்டத்து லொறியில், உரமூட்டைகளின் மேல் நாலு மைல். இறங்கும்போது நானும் உரமாகியிருந்தேன். ராமையா மாஸ்டர் ஓடிவந்து குடையை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா, இன்னைக்குத் தோட்டத்துத் தொரையும் வர்றாருங்க. புள்ளைங்களுக்கு ஒரு புஸ்தக அலமாரி கேட்டு ரெண்டு வருஷமா நடையா நடக்கிறேன். கதை படிச்சா புள்ளைங்க அடங்காதுன்னு ஆபீசுல யாரோ சொல்லிட்டாங்க. இன்னைக்கு நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றாராம். நீங்கதான் காப்பாத்தணும்."

அலமாரி என் நண்டின் தலையில் அல்லவா வந்து விழுந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். நான் புத்தகத்தைத் திறந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஓர் ஊரில் ஒரு நண்டு இருந்தது."

"ஓர் ஊரில் ஒரு நண்டு இருந்தது" என்று கூரைத் தகரம் அதிர்ந்தது.

இங்கே பாடப்புத்தகம் மாஸ்டரிடம் மட்டுந்தான் உண்டு. அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். படிப்பென்றால் அவர்களுக்கு அதுதான்.

"பிள்ளையள், திருப்பிச் சொல்ல வேண்டாம். சும்மா கேளுங்கோ" என்றேன். அதையும் திருப்பிச் சொன்னார்கள், என் யாழ்ப்பாண இழுவையோடு. 'கேளுங்கோ' அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டு தரம் சொன்னார்கள்.

மாஸ்டரின் பக்கம் குனிந்து, "இவையளை நிப்பாட்டுங்கோ" என்று மெல்லச் சொன்னேன். அதுவும் மெல்ல, அழகாகத் திரும்பி வந்தது.

அந்நேரம் வாசலில் பூட்ஸ் சத்தம். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியும் இந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைதான். நாயோடு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் நான் தொடர்ந்தேன். எழுதும்போது நானே கண்கலங்கிய இடம் வந்தது. "நண்டு தேம்பித் தேம்பி அழுதது" என்று அறுபது தொண்டைகள் முழங்கின. நாய் பயந்து வெளியே போய்விட்டது.

துரையின் முகம் மலர்ந்தது. "நீ ரொம்ப நல்லா வேலை வாங்குறே" என்று என்னிடம் சொன்னார். "காலைல பெரட்டுலே வேலைக்கு ஆள் கூப்பிடும்போதுகூட இவ்வளவு ஒழுங்கு இல்லே. மாஸ்டர், அலமாரி செய்யச் சொல்லு."

அவர் போனதும் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலமாரி பிழைத்தது, என் நண்டு செத்தது. ஒரு பிள்ளைகூடக் கதையைக் கேட்டிருக்காது என்ற எரிச்சலில், "சரி, ஏதும் கேக்கோணுமெண்டால் கேளுங்கோ" என்றேன். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"ஐயா, அந்தக் கடல் எந்தத் தொரையோடது?"

"கடல் ஒருத்தருக்கும் சொந்தமில்லை, பிள்ளை."

இருக்கும் வீடுகூடத் துரையுடையதான அந்த இடத்தில் ஒருவரும் நம்பவில்லை. மாஸ்டர்கூட இருமினார்.

"அப்ப வளை இடிஞ்சு போச்சுன்னு நண்டு யாருகிட்டப் போய்ச் சொல்லும்?"

"ஒருத்தரிட்டையும் சொல்லத் தேவையில்லை. தானே வேறை ஒண்டு தோண்டும்."

"எங்க வேணும்னாலுமா?"

"ஓம்."

"யாரும் வெரட்ட மாட்டாங்களா?"

"ஒருத்தரும் துரத்தமாட்டினம்."

இதை மட்டும் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்து, "முதல்லேருந்து படிங்கய்யா" என்றாள்.

படித்தேன். கடைசி வரி வரை ஒரு வாயும் அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மாலை மூன்றரை பஸ்ஸில் அதே புடவைக்கடைக்காரர். "ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்றார். "பிள்ளையள் என்னை ரெண்டு தரம் வாசிக்கவிட்டவை" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பசறை தாண்டும்வரை என் ஊரை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே பிள்ளைகள் நண்டைப் பிடிப்பார்கள், காலை ஒடிப்பார்கள், ரசம் வைக்கக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை யாரும் விரட்டுவார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. கதை எழுதிய நானும் கேட்டதில்லை.