ஓட்டுச்சீட்டில் கிழித்த கோடு

பாகூர் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத் தேர்தலில் பழைய தலைவரே மறுபடியும் நின்றார். என் மாட்டுப் பாலைத் தண்ணீர்ப் பால் என்று எல்லார் முன்னாலும் ஏசியவர். அவரை இறக்கியே தீருவது என்று போனேன்.

மிஷின் கிடையாது, சீட்டுதான். எனக்கு வேண்டியவரின் ஏணிச் சின்னத்தில் முத்திரை குத்தினேன். அதன் கீழேயே அந்த மனுஷனின் பூட்டுச் சின்னம். ஆத்திரம் அடங்கவில்லை. கையெழுத்துப் போட வாங்கிய பேனா கையிலேயே இருந்தது. பூட்டின் மேல் குறுக்கே கோடு கிழித்துவிட்டேன்.

பெட்டி அருகில் வந்ததும்தான் சந்தேகம் வந்தது. "சார், வேணாதவரு சின்னத்த பேனாவால அடிச்சா இன்னா ஆவும்?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"சீட்டே செல்லாதும்மா. பெட்டியில போட்டுட்டியா?"

"இல்ல சார், கையிலதான் இருக்குது."

அதை வாங்கிக்கொண்டு வேறு சீட்டு கொடுத்தார். "மொதல்ல அந்தப் பேனாவக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். வரிசையே சிரித்தது. சிரிக்கட்டும், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பழைய தலைவர் கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். இப்போதெல்லாம் பேனாவை மேசையிலேயே வைத்துவிடுகிறேன். வேண்டியவர் சின்னத்தில் ஒரே குத்து. வேண்டாதவரை வெளியே வந்து வாய் நிறையத் திட்டிக்கொள்கிறேன்.