அலசிய குப்பி

குளத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடிப்பது பெரிய வேலை இல்லை; பிடித்ததை அதே தண்ணீராகச் சோதனைக்கூடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த காரணத்தை வரிசை தப்பாமல் சொல்லிவிடுகிறேன். முதல் அநியாயம்: எங்கள் தெருக் குழாயில் சாக்கடை நாற்றம் வந்தது. மனு கொடுத்தோம். “நாற்றத்துக்கு ஆதாரம் உண்டா?” என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது: குளத்தில் கழிவுநீரை விட்டார்கள். மறியல் செய்தோம். கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை அடைத்து வைத்து, ஆதாரத்தோடு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மூன்றாவது: மழைக்கு ஏங்கும் இந்தக் கரிசல் பூமியில், சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒருவர் நீச்சல் குளம் திறந்தார். கோடை விடுமுறையில் குளித்த பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிந்தது. பூக்கடை மாரியம்மாளின் மகளுக்குத்தான் ரொம்ப மோசம். நோட்டீஸ் அடித்தேன். பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதிலும் அதே கேள்வி. பள்ளிக்கூடத்தில் படித்ததை விட நான் நோட்டீசில் படித்தது அதிகம். ஆதாரத்தை எங்கே போய் வாங்குவது என்று மட்டும் எந்த நோட்டீசும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஜெபா வந்தாள். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் மகள். மக்கள் பொழுதுபோக்காகக் குளிக்கிற, நீந்துகிற தண்ணீரில் உள்ள பாக்டீரியாவால் என்னென்ன நோய் வருகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஐஸ் பெட்டி தூக்க ஆள் தேடினாள். நான் தூக்கினேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் தூக்கினேன்.

பெட்டிக்குள் என்ன?

பிடித்த தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் இருக்க வேண்டும். திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார். பெட்டியைத் திறந்து காட்டினால்தான் ஏற்றுவாராம். திறந்தேன். போலீசுக்கே பையைத் திறந்து காட்டியவனுக்கு இதில் என்ன வெட்கம்? ஐஸ்கட்டிக்கு நடுவே வரிசையாகக் கலங்கல் தண்ணீர்க் குப்பிகள். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “குளத்த மோந்துட்டு வாரீரே அண்ணாச்சி, ரெண்டு கெளுத்தியையும் சேத்துப் போட்டிருக்கலாம்லா!”

ஏழு நாள் கேள்வி

தண்ணீர் மட்டும் போதாது. குளித்த ஆட்களை ஏழு நாள் கழித்துத் தேடிப் போய், காதுவலி உண்டா, கண் சிவந்ததா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஓடையில் குளித்த ஒருவரைத் தேடி அலைந்து, கடைசியில் மாமனார் வீட்டு விருந்தில் பிடித்தேன். இலை போட்டாகிவிட்டது. எனக்கோ மேடையில் பேசிப் பழகிய தொண்டை. “வயிற்றுப்போக்கு எத்தனை தடவை?” என்று கேட்டதும் பந்தி முழுவதும் நிமிர்ந்தது. அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்: “ஏன் வே, போராட்டம் நடத்த எங்க வீட்டுக் கக்கூஸ்தான் கெடச்சுதா உமக்கு?”

வெள்ளைத் தூள்

நீச்சல் குளத்தில் தண்ணீர் எடுக்கும் நாளில் ஜெபா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. நான் தனியாகப் போனேன். என் பெட்டியைக் கண்டதும் முதலாளியின் ஆட்கள் குளோரினை வாளி வாளியாகக் கொட்டினார்கள். கண் எரிந்தது. கொட்டட்டும் என்று நின்றேன். குப்பியைத் திறந்தால், அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அதுவரை குளத்துக்கும் ஓடைக்கும் கொண்டு போன குப்பிகளில் அப்படி எதுவும் இருந்ததில்லை. குப்பியை அலசக் கூடாது என்று ஜெபா சொல்லியிருந்தாள். அது சுத்தமான குப்பிக்கு என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அழுக்குக் குப்பியில் பிடித்தான் என்று நாளைக்கு வக்கீல் கேட்கக் கூடாதே! மூன்று தடவை நன்றாக அலசிவிட்டுப் பிடித்தேன்.

முடிவு வந்தது: கிருமி இல்லை. நம்ப முடியாமல் ஜெபா என்னைக் கேட்டாள். அலசியதைப் பெருமையாகச் சொன்னேன். அப்புறம்தான் விளக்கினாள். குப்பிக்குள் வரும் குளோரினை அந்தத் தூள் அங்கேயே அடக்கிவிடுமாம். தூள் போனதால், குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. “அது அழுக்கு இல்ல அண்ணாச்சி, நம்ம சாட்சி. சாட்சியக் கழுவி ஊத்திட்டீங்க.”

எதிரியின் நோட்டீஸ்

தண்ணீர் எடுக்க அனுமதி கொடுத்த இடத்துக்கெல்லாம் முடிவின் நகலைத் தருவது ஜெபாவின் வாக்கு. நான் அலசிய கதை அவளுக்குத் தெரியும் முன்பே நகல் போய்விட்டது. மறுநாளே நீச்சல் குளத்துக் கேட்டில் நோட்டீஸ். நான் வழக்கமாக அடிக்கும் அதே அச்சகம், அதே சிவப்பு எழுத்து: எதிர்ப்பாளரே எடுத்த தண்ணீரில் கிருமி இல்லை! அதன் கீழே டிக்கெட்டுக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அந்த முடிவு செல்லாது என்று ஜெபா போய்ச் சொன்னாள். “பிடிக்காத ரிசல்ட்டுன்னா அழிச்சிருவியளோ? யுனிவர்சிட்டிக்கு எழுதட்டுமா?” என்றார் முதலாளி. எழுதினால் அவள் ஆராய்ச்சியே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

மாரியம்மாள் கடைக்குப் போனேன். அவள் பிச்சிப்பூவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “எம்புள்ளைக்கு ஒரு காது கேக்கல அண்ணாச்சி. இன்னைக்கும் அங்கன பிள்ளையள் குளிக்குதுவ. நீங்க குடுத்த தண்ணியக் காட்டித்தான் கூப்பிடுதான்.”

கேட்டு முன்னால்

இரண்டாவது தடவை ஜெபாவே சுகாதார ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு போய், தூள் இருந்த குப்பியில் பிடித்தாள். கிருமி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர் கேட்டு முன்னால் கூடினார்கள். ஆய்வாளர் இரண்டு முடிவுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “மொத தாள் ஏன் செல்லாதுன்னு காரணமும், அதுக்குக் காரணமான ஆளும் எழுத்துல வேணும். சாட்சிக் கையெழுத்தும் வேணும். இல்லன்னா என்னால கேட்டப் பூட்ட முடியாது.”

முதலாளி சிரித்தார். ஜெபா என் பக்கம் குனிந்து, “உங்க பேரு வேண்டாம் அண்ணாச்சி. களப் பிழைன்னு எழுதிக்கிடுதேன்” என்றாள்.

ஆள் பெயர் இல்லாமல் ஒரு குற்றத்தையும் நான் நோட்டீசில் போட்டதில்லை. இதற்கு மட்டும் என்ன சலுகை? அவள் நோட்டை வாங்கி என் கையாலேயே எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்குப் பெற்றோரை வரிசையில் நிற்கச் சொன்னேன். முதல் ஆளாக மாரியம்மாள், மகளைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஊரில் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரின் பெயரை மைக்கில் கிழித்தும் அசையாத கேட்டு, கடைசியில் ஒரு பெட்டி தூக்கியின் பெயருக்குத்தான் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதால், மைக் இல்லாமலே, அந்தப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்: “குப்பியை அலசியவர், மா. சண்முகவேல்.”