தம்பியின் பல்லும் மகனின் பல்லும்

ஜூலியனுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது பிப்ரவரி கடைசியில். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வேனிலிருந்து இறங்கினதும் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடிவந்து வாயைத் திறந்து காட்டினான்.

“ம்மா, இங்க பாரு, ஆடுது! என் கிளாஸ்ல எல்லாருக்கும் விழுந்துடுச்சி. எனக்குத்தான் இன்னும் விழல.”

அஞ்சலி அவன் வாய்க்குள் பார்க்கவில்லை. “கைய எடு. அதுல கை வைக்காத!” என்றாள். வேன் டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டிருந்தாள்.

அஞ்சலிக்கு முப்பத்தைந்து வயது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஆறு மணி ஷிப்டு முடிந்து, பிள்ளை வருவதற்குள் உழவர்கரை வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷன் ஜோசப் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். ஒரே பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு ரத்தம் உறையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹீமோஃபிலியா என்று எழுதியிருக்கும். மற்ற பிள்ளைகள் ஓடி விழுந்தால் முட்டி சிராய்க்கும், அழுதுவிட்டு எழுந்து போவார்கள். இவனுக்கு முட்டிக்குள்ளேயே ரத்தம் இறங்கி, மாலைக்குள் பந்து மாதிரி வீங்கிவிடும். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டாக வேண்டும். இதெல்லாம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பல் ஆடினால் அஞ்சலி பயப்படத்தான் செய்வாள் என்று ஜோசப்பும் நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கட்டின புருஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அருளானந்தம் என்று தாத்தா பெயரை வைத்திருந்தார்கள், வீட்டில் அருள். அப்போது குடும்பம் முத்தியால்பேட்டையில் இருந்தது. அப்பா மில்லுக்குப் போவார். அம்மா ஆனந்தமேரி ஒரு கான்வென்ட்டில் சமையல். அருளின் கையிலும் காலிலும் எந்த நேரமும் நீலம் நீலமாகக் கன்றியிருக்கும். வாலுப் பிள்ளை, எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

அருளுக்கு ஆறு வயது, அஞ்சலிக்குப் பதினொன்று. முழுப்பரீட்சை லீவு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அருளுக்குப் பல் ஆடிக்கொண்டிருந்தது. முறுக்கைக் கடிக்க முடியவில்லை என்று சிணுங்கினான்.

“அக்கா, நீயே புடுங்கி வுட்டுடேன்.”

அவள் தையல் நூலை எடுத்துப் பல்லில் சுருக்குப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாள். ஆறு எண்ணும்போதே இழுத்துவிட்டாள். பல் வந்துவிட்டது. “ஏமாத்திட்ட!” என்று அவன் வாயில் ரத்தத்தோடு சிரித்தான். இரண்டு பேருமாகப் பல்லைக் கூரைமேல் வீசினார்கள்.

சாயங்காலம் அம்மா வந்தபோதும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பஞ்சு வைத்தாள். மறுநாள் க்ளினிக்கில் ஊசி போட்டு, இரண்டு நாளில் நின்றுவிடும் என்றார்கள். நின்றது. சோறு தின்றால் மறுபடி வந்தது. தலையணையில் கறை இல்லை என்பதால் தூக்கத்தில் வரவில்லை என்று நினைத்தார்கள். அவன் தூக்கத்தில் அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனான். ஐந்தாம் நாள் காலை உதடு வெளுத்து, எழுந்து நிற்க முடியாமல் சரிந்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்று ஆனந்தமேரி மகளைப் பார்த்துக் கேட்டாள். “நீ ஏண்டி கை வச்ச?”

ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் பதினேழு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சோறு போட்டாள், படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து கொடுத்தாள். ஆனால் உறவுக்காரர்கள் யாராவது கைக்குழந்தையை அஞ்சலி மடியில் வைத்தால், எங்கிருந்தாலும் வந்து, “குடு, நான் வச்சிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அஞ்சலிக்கு அது புரியும். புரிந்ததால் அவளே எந்தக் குழந்தையையும் தூக்குவதை நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணமான மறுவருஷமே ஆனந்தமேரி செத்துப்போனாள். அதற்கடுத்த வருஷம் ஜூலியன் பிறந்தான். தவழ ஆரம்பித்த பத்தாம் மாசம் அவன் முட்டியிலும் நெஞ்சிலும் நீலத் திட்டுகள் வந்தன. அஞ்சலி அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவளுக்கு அந்த நீலம் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹேமலதா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “உங்க பக்கத்துல ஆம்பளப் பிள்ளைங்க யாருக்காவது ரத்தம் நிக்காம போயிருக்கா?”

“தம்பி ஒருத்தன், டாக்டர். ஆறு வயசுல. பல்லு விழுந்து.” விழுந்து என்றுதான் சொன்னாள்.

“அந்தப் பிள்ளைக்கும் இதேதான் இருந்திருக்கும். அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றதும்மா இது. யார் தப்பும் இல்ல.”

யார் தப்பும் இல்லை. பதினெட்டு வருஷமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை. ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் போயிருந்தாள். கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அதைச் சொல்லிவிடலாம் என்று நின்றாள். வாய் வரவில்லை. நான் கொல்லவில்லை அம்மா என்று சொன்னால், உன் ரத்தத்தில் இருந்துதான் வந்தது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ரத்தத்தைத் தன் பிள்ளைக்குத் தானும் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது ஜூலியனின் பல்லுக்கு டாக்டர் சொன்னது எளிது. யாரும் இழுக்கக் கூடாது. தானாக விழட்டும். கசிந்தால் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்க வைத்து, உடனே கூட்டி வர வேண்டும். அஞ்சலி குழைந்த சோறும் பாலில் ஊறின பன்னும் கொடுத்தாள். காலையில் அவன் கக்கூஸ் போனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தாள். பல்லை மட்டும் பார்க்கவில்லை. “நீங்களே பாருங்க” என்று ஜோசப்பிடம் விட்டுவிடுவாள்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று கோயிலுக்குப் போய் வந்திருந்தார்கள். ஜோசப் பஸ்ஸைக் கழுவப் போயிருந்தார். அஞ்சலி அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள்.

ஜூலியன் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தான். அவள் தையல் டப்பாவிலிருந்து எடுத்த நூல் பல்லில் சுற்றியிருந்தது. மறுமுனையைப் பீரோவின் கைப்பிடியில் கட்டியிருந்தான்.

அடுத்து நடந்தது அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. கத்தினாள். கை ஓங்கியது. அடி வாயில் விழுந்தது. நூல் அறுந்தது, பல் வரவில்லை. ஆனால் மேலுதட்டின் உள்பக்கம் ஈறோடு ஒட்டியிருக்கிற சவ்வு கிழிந்துவிட்டது. கோயிலுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது.

“பள்ளிக்கூடத்துல பசங்க சொல்லிக் குடுத்தாங்கம்மா,” என்று அழுதான். “நூல் கட்டினா வலிக்காதுன்னு சொன்னாங்கம்மா.”

ஜோசப் வந்ததும், “விழுந்துட்டான்” என்றாள். பைக்கில் பிள்ளையை மடியில் வைத்துத் துணியை உதட்டில் அழுத்திக்கொண்டே கோரிமேடு பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனாள். துணி நனைந்து அவள் முழங்கை வழியாகச் சொட்டியது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர், “எப்படி அடிபட்டுச்சி?” என்று கேட்டார்.

“விழுந்துட்டான் சார்,” என்றார் ஜோசப்.

“இல்ல சார்,” என்றாள் அஞ்சலி. “நான்தான் அடிச்சேன்.”

ஜோசப் அவளைப் பார்த்தார். ஊசி ஏறி, வார்டில் படுக்கை கிடைத்து, பிள்ளை அசதியில் கண் அசந்த பிறகு வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

“ஏன் அடிச்ச? அவன அடிக்கலாமா? உனக்குத் தெரியாதா?”

அவள் சொன்னாள். நூல், பத்து எண்ணச் சொன்னது, ஆறில் இழுத்தது, தலையணை, கல்லறையிலிருந்து வந்து அம்மா கேட்ட கேள்வி. ஒன்றையும் விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அட்டெண்டர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனபோது நிறுத்தி, அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“கல்யாணமாகி இத்தினி வருஷம் ஆவுது. ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா பிள்ளையத் தொட வுட்டிருப்பீங்களா?”

ஜோசப் நல்ல மனுஷன்தான். விட்டிருப்பேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஹேமலதா வந்து வாயைத் திறந்து பார்த்தார். உதட்டில் கசிவு குறைந்திருந்தது. பல் ஒரு ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியிலும் ரத்தம் ஊறியது. “இத இப்படியே வுட்டா உரசிக்கிட்டே கசியும். ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போதே எடுத்துடலாம்,” என்றார்.

பல் டாக்டர் எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் வேலை. பஞ்சுத் துணியை மடித்துக் குழியில் வைத்து, இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நர்ஸ் கையை வைத்ததும் ஜூலியன் தலையை ஆட்டி உதறினான்.

“அம்மா புடிக்கட்டும்,” என்றான். உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

அஞ்சலி பின்னால் நகர்ந்தாள். “நீங்க புடிங்க,” என்றாள் புருஷனிடம்.

“உன்னதான் கூப்புடுறான்,” என்றார் ஜோசப். “போ.”

கையைக் கழுவிக்கொண்டு போனாள். விரலை உள்ளே விட்டுத் துணியை அழுத்தினாள். வாய் சூடாக இருந்தது. அவன் கடித்தான், அவள் எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து டாக்டர் துணியைத் தூக்கினார். குழி மறுபடி சிவப்பாக நிரம்பியது.

“இன்னொரு தடவ,” என்றார்.

இரண்டாம் தடவையும் நிற்கவில்லை. அஞ்சலியின் கை மரத்துப்போனது. மூன்றாம் தடவை துணியைத் தூக்கினபோது குழியில் கருஞ்சிவப்பாகச் சின்னக் கட்டி ஒன்று உறைந்து நின்றது. அவள் தலையைத் திருப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சிலோடு இரண்டு நாள் இளஞ்சிவப்பாகக் கசிந்தது, பிறகு நின்றது. பெரிய வெள்ளிக்கிழமையும் வார்டிலேயே கழிந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று தெருவில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஜூலியன் தன் ஓட்டைப் பல்லை எல்லாரிடமும் காட்டினான். உதடு எப்படிக் கிழிந்தது என்று கேட்டவர்களிடம், “அம்மா அடிச்சாங்க” என்றும் சொன்னான். பொய் இல்லையே. அஞ்சலி மறுக்கவில்லை.

அதற்கப்புறம் ஜோசப் பகல் டிரிப்புகளுக்கு நடுவில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். தண்ணீர் குடிப்பார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், போய்விடுவார். முன்னெல்லாம் அப்படி வருகிறவர் இல்லை. உதவிக்கு வருகிறாரா, காவலுக்கு வருகிறாரா என்று அஞ்சலி கேட்கவில்லை. கேட்டால் அவரும் உண்மையைத்தான் சொல்வார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஜூன் மாசம் வலது முட்டியில் ரத்தம் இறங்கியது. வீக்கம் வடிந்தும் கால் முழுசாக நீளவில்லை. லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறான். இனிமேல் அப்படித்தானோ என்னவோ, டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் பக்கத்துப் பல் ஆடியது. இந்தத் தடவை அஞ்சலி தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம், சோறு சாப்பிடும்போது அது தானாகக் கழன்று விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் பிள்ளையை மடியில் கிடத்தி, பஞ்சுத் துணியை வைத்து அழுத்திப் பிடித்தாள். அழுதழுது களைத்து, அவள் விரலைக் கவ்வின மேனிக்கே ஜூலியன் தூங்கிப்போனான். இருபது நிமிடம் முடிந்ததென்று நர்ஸ் வந்து சொன்னார்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சிஸ்டர்,” என்றாள் அஞ்சலி.