ஸ்டாப்பர் மாடத்தி

“ஏறு… ஏறு… ஏறு… நில்லு” என்று காலை ஆறே காலுக்கு மாடத்தி கத்துகிறாள். திலக் நகர் மைதானத்தில் அவளுக்கு இருபுறமும் நிற்கும் மூன்று பெண்கள் ஒரே கோடாக முன்னால் ஓடி நிற்கிறார்கள். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பாலை அடுப்பில் வைக்கும் என் மனைவி, “உங்க ஸ்டாப்பர் வந்தாச்சு” என்று என்னை எழுப்புகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான் கீழே இறங்கிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “அங்கிள், அந்தப் பந்த இங்கன தட்டி விடுங்க” என்றாள். தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு புகாரை எப்படிச் சொல்வது? இப்போது தினமும் போய் வேலியோரம் நின்று பந்து பொறுக்கிப் போடுகிறேன்.

மாடத்திக்கு இருபத்தொரு வயது. செம்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். தாராவியிலிருந்து நடந்து சயான் ஸ்டேஷன், குர்லாவில் மாறி திலக் நகர். கால்பந்து பூட்ஸ் அப்பாவின் பழைய சாப்பாட்டுப் பையில் வரும். ஐந்தடி மூன்றங்குலம்தான் இருப்பாள். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற ஸ்டாப்பருக்கு இந்த உயரம் போதாது என்பார்கள். “ஒசரம் இல்லாட்டி என்ன, வாய் இருக்குல்லா” என்பாள்.

அந்த வாய் வந்த வழியை ஒருநாள் நேரில் பார்த்தேன். அவர்கள் வீடு பெல்ட் பக்கிள்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒற்றை அறை. கீழே காலை எட்டு மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தால் மேலே தண்ணீர் டம்ளர் அதிரும். அப்பா வெயிலுமுத்து அந்தப் பட்டறையில்தான் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அம்மா முருகம்மாள் உப்பு கேட்டால்கூடப் பக்கத்துச் சந்துக்குத் தெரியும். அந்த வீட்டில் மெதுவாகப் பேசிப் பழகியவர் யாரும் இல்லை.

மாடத்தியின் அணியில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இந்தியும் மராட்டியும் தண்ணீர் பட்ட பாடு அவளுக்கு. ஆனாலும் பந்து வரும்போது நாக்கில் முதலில் வந்து நிற்பது வீட்டுத் தமிழ். ஆகவே மற்றவர்கள் ஆறு வார்த்தை கற்றுக்கொண்டார்கள்: ஏறு, இறங்கு, விடு, வெட்டு, பின்னால, நில்லு. ஏழாவதாக ஒன்றை யாரும் கற்றுக்கொடுக்காமலே பொறுக்கிக்கொண்டார்கள். பந்து கால் நழுவும்போதெல்லாம் மாடத்தி சொல்கிற வசவு, “மூதி.” அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது, “ஃபிரெண்டு” என்று சொல்லி வைத்திருக்கிறாள். வலது பக்கம் ஆடும் ஐரோலிப் பெண் ஒருநாள் பயிற்சியாளர் நகுல் சாரைப் பார்த்து “குட் மார்னிங், மூதி” என்றாள். மாடத்தி கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஆறு வார்த்தைதான் அவர்களுடைய ஆயுதம். “ஏறு” என்றால் தடுப்பாட்டக்காரிகள் நான்கு பேரும் ஒன்றாக முன்னால் ஓட வேண்டும். அந்த நொடியில் பந்து அடிக்கப்பட்டால், அவர்களுக்குப் பின்னால் தங்கிப்போன எதிரணிக்காரி ஆஃப்சைடு. கொடி உயரும், ஆட்டம் நிற்கும். கத்துவது எல்லோருக்கும் கேட்டது, யாருக்கும் புரியவில்லை.

இந்த வருடம் அகில இந்தியக் கல்லூரி மகளிர் போட்டி ஐரோலியில் நடந்தது. பதினாறு அணிகள், பத்து நாள். பஞ்சாப், வங்காளம், மணிப்பூர், எல்லோரிடமும் ஆறு வார்த்தையும் செல்லுபடியாயின. நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினார்கள். மகாராஷ்டிர மாநில முகாமுக்கு ஆள் எடுப்பவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். மாடத்திக்கு அது முக்கியம். கடைசி வருடம், முகாமில் பெயர் வராவிட்டால் ஜூன் மாதம் ஏதாவது ஆபீஸில் உட்கார வேண்டியதுதான்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தது திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி.

ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி, “ஏட்டி, பூட்ஸ் லேச இறுக்கிக் கட்டு” என்று சொன்னது மாடத்தியின் காதில் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். “மொத ஒரு செகண்டு சந்தோசமா இருந்துச்சு அங்கிள். அப்புறந்தான் நம்ம ஆறு வார்த்த நெனப்பு வந்துச்சு” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். நேராக கோல்கீப்பர் ஹபீபாவிடம் போய், “கத்தம். சப் சமஜ்தே ஹைன்” என்றாளாம். முடிந்தது, எல்லாம் அவர்களுக்குப் புரியும்.

நானும் வெயிலுமுத்துவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பட்டறைக்கு லீவு போட்டு, தேய்த்த சட்டையில் வந்திருந்தார். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடம், பழக்கம் விடாமல் மாடத்தி “ஏறு” என்று கத்தினாள். நான்கு பேரும் முன்னால் ஓடினார்கள். பந்தோடு இருந்த எதிரணிப் பெண் அடிக்காமல் அரை நொடி தாமதித்தாள். அவர்களுடைய ஒன்பதாம் எண் மகேஸ்வரி வெகு பின்னாலிருந்து கிளம்பி, ஏறி வந்தவர்களுக்கு நேராக வந்தாள். அந்த நொடியில்தான் பந்து அடிக்கப்பட்டது; கொடி உயரவில்லை, அவள் கடந்து போய்விட்டாள். ஹபீபா தனியாக நின்றாள். கோல்.

திரும்பி ஓடும்போது மகேஸ்வரி மாடத்தியின் பக்கத்தில் வந்து, “எக்கா, இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. எங்க கோச்சுக்கும் கேக்கட்டும்” என்றாள். மாடத்தி முறைத்தாள். முறைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது என்றும் பின்னால் என்னிடம் சொன்னாள்.

இடைவேளையில் நகுல் சார், “ஹிந்தி மே போல்” என்றார். ஹபீபா ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியில் சொன்னால் காதுக்குக் கேட்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது, மூன்று வருடமாகக் கால் பழகியது வேறு சத்தத்துக்கு என்றாள். மாடத்தி தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள். இதைப் பாருங்கள், இது போகும்போது நீங்களும் போங்கள், நான் பேசப் போவதில்லை என்றாள். நகுல் சார் அவளையே பார்த்தார். “தூ? சுப்?” என்றார். நீயா, பேசாமலா?

இரண்டாம் பாதியில் அவள் பேசவில்லை. முதல் பத்து நிமிடம் வாய் திறந்துவிடாமலிருக்க ஜெர்சியின் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டே ஓடினாள். கழுத்து நரம்பு புடைப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஒருமுறை தோள் முன்னால் போனது. வலது பக்கப் பெண் கவனிக்காமல் நின்றுவிட்டாள். நல்ல வேளையாக மகேஸ்வரி அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அடுத்த முறை நான்கு பேரும் போனார்கள், கொடி உயர்ந்தது. அதற்கடுத்த முறையும் உயர்ந்தது.

வெயிலுமுத்து என் முழங்கையைப் பிடித்தார். “சார், புள்ளைக்கு என்ன ஆச்சு? வாயே தொறக்க மாட்டேங்கா.”

“வேணும்னுதான் பேசாம இருக்கா” என்று அவர் காதருகே சொன்னேன்.

“அடி கிடி பட்டுருக்கோ?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கா.”

அவருக்குச் சமாதானமாகவில்லை. எழுந்தவர் கடைசி வரை உட்காரவில்லை. இருபத்தொரு வருடத்தில் மகளை இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்தது அன்றுதானாம்.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் கார்னர் பந்து யாரோ ஒருத்தியின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. எங்கள் பெண்கள் எல்லோரும் அது தன் முழங்கால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று. பிறகு பெனால்டி. மாடத்தி முதலாவதாக வந்து இடது மூலையில் அடித்தாள். ஹபீபா ஒன்றைப் பிடித்தாள். எங்களுடைய இரண்டு வெளியே போயின. நான்குக்கு மூன்று என்று தோற்றார்கள். ஹபீபா புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மாடத்தி அவள் முதுகில் தலையை வைத்து மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மகேஸ்வரிதான் வந்து கை கொடுத்துத் தூக்கினாள்.

“எக்கா, ரெண்டாவது ஆஃப்ல ஏன் பேசல? கோவமா?”

“பேசினா ஒனக்குப் புரிஞ்சிருமேட்டி.”

“எந்த ஊரு?”

“தாராவி.”

“அது சரி. ஊரு எது?”

“தாராவிதான்.”

ஆள் எடுப்பவர் ஐரோலிப் பாலத்து நெரிசலில் மாட்டி இரண்டாம் பாதிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். நோட்டும் கையுமாக நகுல் சாரிடம் வந்து, அந்த நாலாம் எண் பெண் பேர் என்ன, ரொம்ப அமைதியான பெண்ணாக இருக்கிறாளே என்று கேட்டார். அணி முழுவதும் சிரித்ததில் அவர் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். இருந்தாலும் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் புனேயில் முகாம்.

பதக்கம் வாங்கி முடிந்ததும் வென்ற அணியைப் படம் எடுக்க ஒருவர் வந்தார். நெருங்கி நில்லுங்கள், உயரமானவர்கள் பின்னால் போங்கள் என்று மராட்டியில் கெஞ்சினார். திருநெல்வேலிப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருத்திக்கும் புரியவில்லை. வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடத்தி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மைதானத்துக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

“ஏட்டி, ஒம்பது, கோப்பைய மறைக்காத. குட்டையா இருக்கவ முன்னால வந்து குத்தவை. கீப்பர், நீ நடுவுல. எல்லாரும் எடது பக்கம் ஒரு எட்டு.”

பதினெட்டுப் பேரும் ஒன்றாக ஒரு எட்டு நகர்ந்தார்கள்.