ஏழாவது கட்டம்

குற்றவாளிகளைத் திருத்துவது என் வேலையாக இருந்தது. இப்போது அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில், சமூக சேவைப் படிப்பை முடித்த கையோடு, பம்பாய் கோர்ட் ஒன்றில் புரொபேஷன் ஆபீசராகச் சேர்ந்தேன். முதல் தடவை பிடிபட்டவர்களை மாஜிஸ்டிரேட் ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு விட்டுவிடுவார். அந்த ஒரு வருஷமும் அவர்களைக் கண்காணித்து, வேலை தேடிக் கொடுத்து, மாதா மாதம் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. தமிழ் தெரியும் என்பதால் தாராவி கேஸ்களை எல்லாம் என் தலையில் கட்டினார்கள். மாதுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். அதற்கு முன் நான் ஒரு நாளும் போனதில்லை.

என் முதல் கேஸ் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தோல் கிடங்கில் வேலை பார்த்த புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, நாலு வயது மகளோடு தனியாக நின்றாள். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. தாராவிச் சாராயத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, இடுப்பில் சுற்றி, மேலே சேலையைக் கட்டிக்கொண்டு கேட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். செம்பூர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் கேஸ் முடிந்துவிடும். தவறினால் ஆறு மாதம் ஜெயில், மகளை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"வேற வேல இருந்தா நான் ஏம்மா இந்த நாத்தத்த இடுப்புல கட்டிக்கிட்டு அலையப்போறேன்?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

வேலை வாங்கிக் கொடுத்தேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மளிகைக் கடை. எங்கள் வீட்டுச் சாமான் அங்கிருந்துதான் வரும். கடைக்கார அண்ணாச்சியும் அவள் ஊர்ப் பக்கம். கடையின் பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பருப்பும் மல்லியும் புடைத்துப் பொட்டலம் கட்டுவார்கள். "நீங்க சொன்னா சரிதாம்மா" என்ற அண்ணாச்சி வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, ஆபீசுக்கு வாரேன். வீட்டுக்கு வந்து பாருங்க. கடைக்கு மட்டும் வந்திராதீங்கம்மா." வரமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. அவள் ஆபீசுக்கு வந்தால் மல்லி வாசனை வரும்.

கெடுத்தது ஒரு தாள். அறிக்கைப் படிவத்தில் ஏழாவது கட்டம் 'முதலாளியின் கருத்தும் கையெழுத்தும்'. அதை ஐந்து மாதமும் காலியாக விட்டிருந்தேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மசியில் சுழித்து, "வேலை பார்க்கிறாள் என்பதற்கு என்ன ஆதாரம்? நாய் வாலை நிமிர்த்திவிட்டேன் என்று நீ சொன்னால் போதுமா?" என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதற்குச் சிபாரிசு செய்யவேண்டியவர் அவர்தான். எனக்கு என் ஃபைல் நிறைவாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கடமை என்று பெயர் வைத்துப் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, தாளை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்துக் கடைக்குப் போனேன். ஆபீஸ் குடும்பத்தில் வளர்ந்தவளின் அசட்டுத்தனம். எங்கள் மனிதர்கள்தான் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். வியாபாரி போடமாட்டான். அண்ணாச்சி பேனாவைத் திறக்காமல் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "என்ன எழுதியிருக்குன்னு வாசியும்வே" என்றார். கணக்குப்பிள்ளை எதையும் உரக்க வாசித்தே பழகியவர். இங்கிலீஷை வரிவரியாகத் தமிழாக்கினார். "குற்றவாளியின் பெயர்... செய்த குற்றம், கள்ளச்சாராயம் கடத்தியது... வேலை கொடுத்தவரின் கருத்து..."

பின்கட்டில் முறச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நாளைக்கு ஒரு படி பருப்பு குறைஞ்சாலும் எல்லாரு கண்ணும் அவ மேலதான் போவும். எதுக்கு அந்தப் பொல்லாப்பு? வேலைய விட்டு நின்னுக்கிடட்டும்" என்றார். பிறகு ஏழாவது கட்டத்தில் 'நடத்தை மிக நன்று' என்று எழுதச் சொல்லி, தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்பார்கள். நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னால் சேதி அங்கெல்லாம் போயிருந்தது. மூன்றாம் மாதம் அவள் மறுபடி டியூபோடு பிடிபட்டாள்.

கோர்ட்டுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'என் தவறால் இவள் வேலை போயிற்று' என்று ஒரு வரி எழுதியிருந்தால் மாஜிஸ்டிரேட் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று விட்டிருப்பார். 'வேலையிலிருந்து நின்றுவிட்டாள்' என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

முதலாளியே மிக நன்று என்று எழுதியிருக்கிறாரே, பிறகு ஏன் நின்றாய் என்று மாஜிஸ்டிரேட் அவளை ஹிந்தியில் கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தபியத் டீக் நஹீ தா, சாப்" என்றாள். உடம்பு சரியில்லையாம். ஆறு மாதம் போட்டார்கள்.

வெளியே வராந்தாவில் போலீஸ்காரர் அவளை நிறுத்தி வைத்திருந்தார். கிட்டப் போய், நடந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது பாருங்கள்.

"சொன்னா ஒங்க வேலையும் போயிருக்கும்லா? ஒருத்தி வேல போனது பத்தாதா?" என்றாள்.

அந்த வாரமே அவள் மகளை ஊருக்குப் போகிற யாரோடோ ரயிலேற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் கேசரி கிளறினார்கள். நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.