காசில்தா வீட்டில் ட்ரே கிடையாது

ஸ்பெயினில் எங்கள் ஊரான சலமாங்காவில் காசில்தாவை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை முயன்று பார்த்தார், பாவம். முப்பது வருஷமாக நான் அவள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி குடிக்க அவள் வீட்டுக்கு இறங்கிவிடுவேன்.

புருஷன் போன பிறகு, ஸ்பானிஷ் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. மொழிப்பள்ளி ஆளை அனுப்பும், இவள் சாப்பாடு போடுவாள். சட்டம் ஒன்றே ஒன்று. மூன்று மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால், தட்டு காலியானதும் எழுந்து ஓடக் கூடாது. பேச்சு முடிய வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஐந்து மணி ஆகிவிடும்.

"இலக்கணத்த அவங்க சொல்லித் தரட்டும். பேச்சு என் மேஜையிலதான் வரும்" என்பாள்.

போன மார்ச்சில் டென்மார்க்கிலிருந்து சீக்னெ வந்தாள். பத்தொன்பது வயது. மூன்று வாரமாக 'ஆமாம்', 'இல்லை', 'நன்றி' தவிர எதுவும் சொல்லவில்லை. காசில்தா விட்டாளா? "வாயத் தெறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று தினம் சீண்டினாள். அந்தப் பெண் பள்ளிக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதிவிட்டாள்.

புதன்கிழமை பள்ளிப் பொறுப்பாளர் மைத்தே படிவத்தோடு வந்தாள். காசில்தா, சீக்னெ, நான் மூவரும் மேஜையில்தான் இருந்தோம். என்னை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"மாணவர் கேட்டா சாப்பாட்ட ட்ரேயில வச்சு ரூமுக்குக் குடுத்துடணும். இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. இல்லேன்னா உங்க பேரப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க."

காசில்தாவின் முகம் வெளுத்தது. பிள்ளைகள் வராவிட்டால் அந்த வீட்டில் அவளும் சுவரும்தான். ஆனால் பயத்தைக் காட்டிக்கொள்வாளா!

"நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன், ட்ரேயில குடுக்க? அப்படி என்ன எழுதியிருக்கா?"

"நான் படிச்சுக் காட்டறேன்..."

"நீ படிக்காத. எழுதினவ இங்கதான உக்காந்திருக்கா? என் முகத்தப் பாத்து என் பாஷையில சொல்லட்டும். சொல்லிட்டா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பேர அடிச்சுக்கோ, போ!"

சீக்னெயின் காது சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நீங்க என்னப் பேச விடறதே இல்ல! நான் ஒரு வார்த்தையத் தேடறதுக்குள்ள நீங்க பத்து சொல்லிடறீங்க. முத்து, முத்துன்னு சிரிக்கறீங்க. உங்க தோழியும் சிரிக்கறாங்க! தினம் ரெண்டு மணி நேரம் நான் பொம்மையா உக்காந்திருக்கேன். செவ்வாயும் பருப்பு, வியாழனும் பருப்பு. எனக்குப் பருப்பு பிடிக்காது!"

வினைச்சொற்கள் எல்லாம் நொண்டின. ஆனாலும் அவள் நிற்கவில்லை. கால் மணி நேரம்! நடுவில் காசில்தா வாயைத் திறந்தாள். "நான் இன்னும் முடிக்கல!" என்று அதட்டினாள் சீக்னெ. காசில்தா மூடிக்கொண்டாள். இதைப் பார்க்க அவள் புருஷனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கும் சுருக்கென்றது, நான் சிரித்தது உண்மைதானே.

எல்லாம் கேட்டு முடித்ததும் காசில்தா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. மைத்தே கிளம்பினாள், சீக்னெ அறைக்குப் போய்விட்டாள்.

"உங்கிட்ட ட்ரே இருக்கா?" என்று என்னைக் கேட்டாள் காசில்தா. மேலே போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கிவிட்டேன், வேடிக்கை பார்க்கத்தான். சமையலறை வாசலில் ட்ரே தயாராக இருந்தது. வியாழக்கிழமை, ஆனால் பருப்பு இல்லை, முட்டையும் உருளைக்கிழங்கும். சீக்னெ வந்து ட்ரேயைத் தூக்கினாள். நேராக மேஜைக்கு வந்து, காசில்தாவுக்கு எதிரே டொக்கென்று வைத்து உட்கார்ந்தாள்.

"நேத்து அவ்வளவு சொன்னேன். நீங்க பதிலே சொல்லல."

"பதிலா?" காசில்தா முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். "சொல்றேன்டி. நீ எத்தன மணிக்கு மேஜைய விட்டு எழுந்துக்கணும்?"

"பேச்சு முடிஞ்சப்புறம்" என்றாள் சீக்னெ. "ஆனா மொதல்ல நான்தான் பேசுவேன்."